உஷார்! சரிவில் சறுக்கும் சிம்மாசனம்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு நண்பர் ஒருவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பளபளவென்று ஒரு ஜீரோ டர்ன் புல்வெட்டும் வண்டி. உயரமான முதுகு வைத்த கறுப்பு சீட், மடிக்கு நேரே இரண்டு லிவர். படத்துக்குக் கீழே: "அண்ணே, 42 இன்ச். 3,499 டாலர். 12 மாசம் வட்டி இல்லையாம். காலையில எடுத்துடட்டுமா?"

"எடுக்காதீங்க. காலையில நான் வர்றேன். போனை நல்லா சார்ஜ் போட்டு வைங்க" என்று பதில் அனுப்பினேன். போன் எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஆல்ஃபரெட்டா என்று வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் நம்மவர்களுக்கு வசந்தத்தில் இரண்டு காய்ச்சல் வரும். ஒன்று மரங்களின் மகரந்தத்தால் வருவது. அது மாத்திரையில் அடங்கும். இன்னொன்று பெரிய ஹார்டுவேர் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும் இந்த வண்டிகளைப் பார்த்ததும் வருவது. ஊரில் அப்பா டிராக்டர் வாங்க முடியாமல் போன ஏக்கமெல்லாம் அப்போதுதான் தலைதூக்கும். இந்தப் பக்கம் வெயில் தாங்குவதற்காகப் போடுகிற பெர்முடா புல் வேறொன்றுமில்லை, நம்ம அருகம்புல்தான். பிள்ளையாருக்குக் கையால் கிள்ளிப் போட்ட புல்லை வெட்ட 3,499 டாலரா என்று கேட்டால் யாருக்கும் பிடிப்பதில்லை.

காசு போனால் போகட்டும். நான் பதறியது காசுக்காக இல்லை. நண்பர் வீட்டுப் பின்பக்கம் எனக்குத் தெரியும். புல்தரை வேலி வரை இறங்கிப் போய், வேலிக்கு அப்பால் மழைநீர் தேங்குகிற ரிடென்ஷன் குளத்தில் முடிகிறது. குளத்தோரத்து இருபதடிப் புல்லும் அவர் கணக்கில்தான் சேரும், அவர்தான் வெட்ட வேண்டும்.

இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் அந்தப் பதற்றம் உங்களுக்கும் வரும். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். இடத்து மாட்டைப் பிடித்து நிறுத்தி வலத்து மாட்டை நடக்கவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே இடப்பக்கம் திரும்பும். ஜீரோ டர்னில் அந்த இரண்டு மாடுகள் இரண்டு பின்சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷன், தனித்தனி லிவர். இரண்டையும் முன்னால் தள்ளினால் நேராகப் போகும். ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்தால் ஒரு சக்கரம் முன்னும் ஒன்று பின்னும் உருண்டு, வண்டி பம்பரம் மாதிரி சுற்றும். முன்சக்கரங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. காஸ்ட்கோ தள்ளுவண்டியின் முன்சக்கரம் போல, இழுத்த இழுப்புக்குத் திரும்பிக்கொண்டு கூட வரும், அவ்வளவுதான்.

ஆக, வண்டியைத் திருப்புவது பின்சக்கரம். நிறுத்துவதும் அதே பின்சக்கரம். நிறுத்தி வைத்த பிறகு போடுவதற்கு ஒரு பார்க்கிங் பிரேக் உண்டு; ஓடும்போது மிதிப்பதற்குப் பெரும்பாலான வண்டிகளில் காலடியில் ஒன்றும் கிடையாது. லிவரை நடுவுக்குக் கொண்டுவந்தால் நிற்க வேண்டும். சமதரையில் நிற்கும். சரிவில் இறங்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. காலைப் பனியில் புல் ஈரமாக வேறு இருந்தால் டயர் பிடியை விட்டுவிடும். விட்ட அந்த நொடியில் உங்களிடம் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. 500 பவுண்டுக்குப் பக்கமான இரும்பின் மேல் உட்கார்ந்து, அது போகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். பயத்தில் லிவரை வெடுக்கென்று பின்னால் இழுத்தால் இருக்கிற கொஞ்சப் பிடியும் போய்விடும். பிளேடை அணைத்துவிட்டு, மெதுவாக, நேராகக் கீழே இறங்கிவிடுங்கள் என்கின்றன கையேடுகள். நேராகக் கீழே குளம் இருந்தால்?

குளத்தோரத்தில் வண்டி கவிழ்ந்து, இடுப்பளவு ஆழம்கூட இல்லாத தண்ணீரில், வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு செத்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. நீச்சல் தெரிந்தும் பயனில்லை. தண்ணீர், பள்ளம், தடுப்புச்சுவர் எதுவானாலும் அதன் விளிம்பிலிருந்து இரண்டு வண்டி அகலம் தள்ளியே நில்லுங்கள் என்று கையேட்டில் அச்சிட்டிருப்பது அதனால்தான்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி பிறந்த ஊர் கான்சாஸ். ஜான் ரெகியர் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் அங்கே உருவாக்கியது 'ஹஸ்லர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும் கோதுமை பூமி அது. அங்கே பிறந்ததை அப்பலாச்சியன் மலையடிவாரச் செம்மண் மேட்டில் கொண்டுவந்து ஓட்டுகிறோம். கடைக்காரர் ஓட்டிக் காட்டுவது பார்க்கிங் லாட்டில். அதுவும் கான்சாஸ்தான்.

சனிக்கிழமை காலை நாலடிப் பலகை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். நண்பரின் அப்பா மதுரையிலிருந்து ஆறு மாசம் தங்க வந்திருக்கிறார். லுங்கி, ரப்பர் செருப்பு, கையில் காப்பி டம்ளர். "வாங்க தம்பி, பலகை எதுக்கு? அடுத்த வீட்டு வேலியா?" என்றார்.

பலகையைப் புல்லின் மேல் சரிவு இறங்கும் வாக்கில் வைத்து, அதன் மேல் போனை வைத்தோம். மட்டம் பார்க்கும் வசதி பல போன்களில் இருக்கிறது. வீட்டை ஒட்டி 6 டிகிரி. நடுவில் 11. வேலிக்குப் பக்கத்தில் 17. பெரும்பாலான ஜீரோ டர்ன் கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் ஓட்டவே கூடாது என்கின்றன. சில 10 டிகிரியிலேயே கையை விரித்துவிடுகின்றன. போன் வேண்டாம் என்றால் பலகையே போதும். ஒரு முனையை மேட்டில் ஊன்றி பலகையை மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்குக் கீழே 13 அங்குலம் இடைவெளி இருந்தால் அது 15 டிகிரி. கண்ணுக்கு அது ஒரு சரிவாகவே தெரியாது, அதுதான் வம்பு. 17 டிகிரியில் நின்றுகொண்டு நண்பர் "இது சும்மா லேசான இறக்கம்தானே அண்ணே" என்றார். அவர் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காலை அகட்டி வைத்து, டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங் வைத்த ஜீரோ டர்னும் உண்டு. முன்சக்கரமும் சேர்ந்து திரும்பும், சரிவில் இதைவிடக் கொஞ்சம் யோக்கியன். ஆனால் அந்தக் குளத்தோரத்துக்கு அதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்த உஷார் இதைவிடப் பெரியது. பிள்ளைகள்.

நம்மூரில் டிவிஎஸ் 50-யில் முன்னால் பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டு மார்க்கெட் போய்வந்த தலைமுறை நாம். அந்தப் பழக்கத்தில், இங்கே மூன்று வயசுப் பையன் அழுதால் மடியில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு வருகிறோம். தாத்தா வீடியோ எடுப்பார். செய்யாதீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தை நழுவி விழுந்தால் விழும் இடம் பிளேடு சுழலும் டெக்கின் பக்கம். பிளேடின் நுனி நிமிஷத்துக்கு 19,000 அடி வரை போகலாம் என்பது அமெரிக்கத் தர விதியின் உச்சவரம்பு. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 347 கிலோமீட்டர். நீங்கள் சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் அணையும், ஆனால் பிளேடு நிற்கச் சில நொடிகள் ஆகும்.

அதைவிடக் கொடுமை அடுத்த வாரம் நடக்கும். போன வாரம் மடியில் உட்கார்ந்து போன பிள்ளைக்கு அந்த எஞ்சின் சத்தம் விளையாட்டுக்குக் கூப்பிடுகிற சத்தம். கதவைத் திறந்துகொண்டு ஓடிவரும், பின்னாலிருந்து. நீங்கள் காதுக்கு ஹெட்போன் போட்டு இளையராஜா கேட்டுக்கொண்டு, ஒரு மரத்தைச் சுற்ற வசதியாக இரண்டு லிவரையும் பின்னால் இழுப்பீர்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பழைய எச்சரிக்கைக் குறிப்பு ஒன்று, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளால் ஆண்டுக்குச் சுமார் 75 பேர் இறப்பதாகவும், அதில் ஐந்தில் ஒன்று குழந்தை சம்பந்தப்பட்டது என்றும் சொல்கிறது. 16 வயசுக்குக் கீழே யாரும் இதை ஓட்டக் கூடாது என்பது இங்கத்திய குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. "பையனுக்கு 12 வயசு, வீடியோ கேம் கை, லிவரெல்லாம் சூப்பரா புடிப்பான்" என்று என்னிடம் ஒருவர் பெருமையாகச் சொன்னார். லிவர் பிடிப்பான். சரிவில் பிடி விட்டால் என்ன செய்வான்?

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லுங்கியோடும் செருப்போடும் இதில் ஏறாதீர்கள். சைக்கிளைவிட ஈஸி என்று தோன்றும். முதல் பத்து நிமிஷம் கை பழகாது. பாதி லிவர் தள்ளினாலே குதிரை மாதிரி பாயும். நண்பரின் அப்பா இதைக் கேட்டு, "நான் ஏன் ஏறப்போறேன்?" என்றார். ஏறியிருப்பார். முந்தின நாள் கடையில் சீட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டவர் அவர்தான்.

சரி, தரை மட்டம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வாங்கலாமா? இப்போது காசுக் கணக்கு.

நண்பர் பத்திரத்தில் 0.6 ஏக்கர், அதாவது 60 சென்ட். வீடு, டிரைவ்வே, பின்னால் மரக்கூட்டம் எல்லாம் போக புல் மிஞ்சுவது 35 சென்ட்தான். 21 இன்ச் அகலமுள்ள, தானாக நகரும் தள்ளு மோவர் சாதாரண நடையில் மணிக்கு அரை ஏக்கர் வெட்டும். அவர் புல்லுக்கு முக்கால் மணி நேரம் கூட ஆகாது. 42 இன்ச் ஜீரோ டர்ன் நல்ல வேகத்தில் மணிக்கு ஒன்றரை ஏக்கருக்கு மேல் வெட்டும். திரும்பல், ஓரம் சாரம் எல்லாம் சேர்த்து 20 நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மிச்சம் 20, 25 நிமிஷம். நம்ம தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா ஆரம்பிக்கத் தாமதமாகும் நேரத்தில் கால்வாசி. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை 28 தடவை வெட்டுவது என்றால் ஒரு சீசனுக்கு 12 மணி நேரத்துக்கும் குறைவு. அதற்காகத் தள்ளு மோவரைவிட 3,000 டாலர் அதிகம். கராஜில் ஒரு காரின் இடத்தில் பாதியை வேறு அது பிடித்துக்கொள்ளும்.

ஒரு ஏக்கருக்கு மேல் வெறும் புல், மட்டமான தரை, நடுநடுவே இருபது முப்பது மரம், பூப்பாத்தி என்று உள்ளவர்களுக்குக் கதை வேறு. அங்கே சாதாரண ஸ்டியரிங் லான் டிராக்டர் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வெட்டாத வளையம் ஒன்றை விட்டுவிட்டுப் போகும். ஜீரோ டர்ன் ஒட்டி உரசிக்கொண்டு போய்விடும். அவர்கள் தாராளமாக வாங்கலாம், நான் தடுக்க மாட்டேன். மரமே இல்லாத வெட்டவெளிக்கு 1,000 டாலருக்கு மேல் மிச்சம் பிடித்து டிராக்டரே வாங்கிவிடலாம்.

கடையில் நிற்கும்போது கண்ணில் படாத சில விஷயங்கள் இருக்கின்றன. "42 இன்ச் டெக்" என்பது பிளேடு வெட்டும் அகலம். வலப்பக்கம் புல் வெளியேறும் மூடி துருத்திக்கொண்டிருக்கும். உங்கள் வேலிக் கதவு 48 இன்ச்தான் என்றால், 42-யே உரசிக்கொண்டு போகலாம், 48 போகவே போகாது. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வேலியைப் பிரித்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

டெக் தகட்டின் கனத்தை கேஜ் என்ற எண்ணில் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலிசு. 10 கேஜ் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர். 13 கேஜ் சுமார் இரண்டேகால்தான். "13 பெரிசா, 10 பெரிசா?" என்று கேட்டு 13-ஐ எடுத்தவர்கள் உண்டு. குதிரைசக்தி ஸ்டிக்கரையும் ரொம்ப நம்ப வேண்டாம். எஞ்சின் சக்தியை மிகைப்படுத்தி எழுதியதாகப் பல கம்பெனிகள் மேல் தொடர்ந்த வழக்கு 2010-ல் சமரசத்தில் முடிந்தது.

நான் முதலில் கேட்பது டிரான்ஸ்மிஷனைத்தான். மலிவு வண்டிகளில் அது ஆயில் மாற்ற முடியாதபடி மூடி முத்திரை வைத்த பெட்டி. 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று அழகாகச் சொல்வார்கள். சமதரையில் வாரம் அரை மணி நேரம் ஓட்டினால் பல வருஷம் உழைக்கும். மேட்டில் ஏற்றி இறக்கினால் சூடேறிச் சூடேறி ஒருநாள் தளர்ந்துவிடும். அப்புறம் ரிப்பேர் இல்லை, மாற்றல்தான். பழைய வண்டி வாங்குகிறவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விற்கிறவர் குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்து, இரண்டு ரவுண்டு வந்து, "வெண்ணெய் மாதிரி ஓடுது" என்பார். அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஆயில் சூடான பிறகு ஒரு மேட்டில் ஏற்றுங்கள். ஒரு பக்கம் சோர்ந்து வண்டி கோணலாகப் போனால் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் வயரையும் ஒரு பார்வை பாருங்கள். எழுந்தால் எஞ்சின் அணைவது தொல்லையாக இருக்கிறது என்று அதைத் துண்டித்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். அது உயிர்காக்கும் சுவிட்ச். வயரை முடிந்தவர் வண்டியில் வேறு என்னென்ன செய்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவு பின்னால் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் இருக்காது. இருந்தால், வளைவு நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் போட வேண்டும், மரக்கிளைக்காக மடக்கியிருக்கும்போது போடக் கூடாது. மடக்கிய நிலையில் பெல்ட்டால் கட்டுண்டு கிடந்தால் வண்டி உங்கள் மேல்தான் விழும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

"12 மாசம் வட்டி இல்லை" என்பதற்குள்ளும் ஒரு கொக்கி இருக்கிறது. கடை கார்டின் அடிக்குறிப்பைப் படியுங்கள். 12 மாசத்துக்குள் முழுப் பணமும் கட்டினால்தான் வட்டி இல்லை. கடைசியில் நூறு டாலர் பாக்கி நின்றால், வாங்கிய நாளிலிருந்து எல்லா மாசத்து வட்டியும் ஒரே தடவையில் வந்து விழும். கடை கார்டு வட்டி ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கு மேலே போவது சகஜம். சில நூறு டாலர் பழுத்துவிடும்.

ரிப்பேர் யார் செய்வார்கள் என்றும் வாங்குமுன் கேளுங்கள். என் பழைய லான் டிராக்டர் ஒரு மே மாசத்தில் பெல்ட் அறுந்து நின்றது. வாங்கிய கடையில் ரிப்பேர் கிடையாது என்றார்கள். டீலரிடம் போனால், தன்னிடம் வாங்கியவர்களை முதலில் கவனித்துவிட்டு ஐந்து வாரம் கழித்து எடுத்தார். அதற்குள் புல் முழங்கால் உயரம். குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டு கடிதம். கடைசியில் ஆளைக் கூப்பிட்டு 50 டாலர் கொடுத்து வெட்டினேன். அந்த விலைக்கு சீசன் முழுக்க ஆள் வைத்தால்கூட 1,400 டாலர்தான், அவர் வண்டி, அவர் பெட்ரோல், அவர் பிளேடு.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது பதினொரு மணி. மேல்பக்கத்துக்கு ஒரு தள்ளு மோவர் வாங்குவது, குளத்தோரத்து 17 டிகிரியை வெட்டவே வேண்டாம், படரும் செடி போட்டு மூடிவிடுவது என்று முடிவாகியது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷமில்லை. சிம்மாசனம் போன வருத்தம்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு டிரக், பின்னால் டிரெய்லர், டிரெய்லரில் அதே கறுப்பு சீட், அதே இரண்டு லிவர். மூன்று வீடு தள்ளி நின்றது. போன மாசம் குடிவந்த தெலுங்குக் குடும்பம். இரண்டு சின்னப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு ஓடிவந்தன. அவர்கள் பின்வேலியும் அதே குளத்தில்தான் முடிகிறது. பலகை இன்னும் என் கார் டிக்கியில் கிடக்கிறது. இதை அனுப்பிவிட்டு அவர்கள் வீட்டுக்குத்தான் போகிறேன்.